மீன் தொட்டிக்குத் தண்ணீரே முதல்

வரி விவரம், உரிமம் புதுப்பித்தல், எடைக்கல் முத்திரை என்று எழுதப்படும் நமது இதழில் மீன் தொட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சில உறுப்பினர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நம் கடைவீதியில் சில கடைகளுக்குள் நுழைந்தால் கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு கண்ணாடிக் கிண்ணம் கண்ணில் படுகிறது. அதில் ஒரு சிவப்பு மீனோ இரண்டோ சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் போனால் அதே கிண்ணத்தில் பேனாவும் ரப்பர் ஸ்டாம்பும் கிடக்கும். மீன் என்ன ஆயிற்று என்று கேட்டால், "அது நிக்கலை அண்ணாச்சி, நமக்கு ராசியில்லை" என்று பதில் வரும்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த மீன் செத்ததற்குக் காரணம் கிண்ணம். செலவு குறைவு என்று வாங்கிய கிண்ணம்தான் கடைசியில் செலவை இழுத்துவிட்டது. மூன்று முறை மீன் வாங்கிப் போட்டு மூன்று முறையும் தூக்கி எறிந்தவர், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் நல்ல தொட்டியே வைத்திருக்கலாம். பணத்தை விடுங்கள். நாள் முழுக்க நம் கண் எதிரே ஓர் உயிர் மூச்சு முட்டிச் சாவது கடைக்கு அழகல்ல. ஆகவே குறைந்த செலவில் ஒரு முதல் தொட்டியை எப்படி வைப்பது, எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே கூடாது என்பதை நமக்குத் தெரிந்தவரை எழுதுகிறோம். நம் மண்டி அலுவலகத்தில் தொட்டி வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

வீட்டில் மீன் வளர்க்கும் பழக்கம் பரவியதற்கும் வரிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது வியாபாரிகளுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். இங்கிலாந்தில் கண்ணாடி மீது நெடுங்காலம் இருந்த வரி 1845-ல் நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. 1850-ல் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்று செய்து காட்டினார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தார்கள். நம் சென்னை மெரினா கடற்கரையில் 1909-ல் ஒன்று திறக்கப்பட்டது. வாரிங்டன் அன்று பிடித்த அடிப்படை இன்றும் மாறவில்லை. தண்ணீர் சரியாக இருந்தால் மீன் தானே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

மீனின் கழிவும், அது தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் அம்மோனியா என்ற நஞ்சாக மாறுகின்றன. மீனின் செவுள் வழியாகவும் அம்மோனியா வெளிவருகிறது. இதற்கு நிறம் இல்லை. தண்ணீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கும்போதே மீன் செத்து மிதக்கும். ஆற்றிலும் கண்மாயிலும் தண்ணீர் ஏராளம் என்பதால் நஞ்சு கரைந்துபோகிறது. கிண்ணத்தில் இருப்பதோ மூன்று, நான்கு லிட்டர். ஒரு டம்ளர் மோரில் ஒரு கை உப்பு விழுந்தால் வாயில் வைக்க முடியாது. ஓர் அண்டா மோரில் அதே உப்பு விழுந்தால் தெரியவே தெரியாது. இதுவும் அந்தக் கணக்குத்தான். சின்னத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய தொட்டிதான் சுலபம். ஒரு நாள் தீனி கூடிவிட்டாலும் அது தாங்கும்.

இந்த அம்மோனியாவை உண்டு வாழும் நல்ல நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு வகை அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேரும்வரை மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பதைவிட, தொட்டியிலுள்ள ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் பெருகும். புதுத் தொட்டியில் இவை கிடையாது. தாமாகச் சேர்ந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். காலையில் தொட்டி வாங்கி மாலையில் மீன் விடுகிறவர்களின் மீன் இரண்டாவது வாரத்தில் சாவது இதனால்தான்.

காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் பாலைத் தயிராக்க என்ன செய்கிறார்கள்? பழைய மோரில் ஒரு கரண்டி உறை ஊற்றுகிறார்கள். தொட்டிக்கும் உறை ஊற்றலாம். நல்ல நிலையில் பல மாதமாக ஓடும் ஒரு தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டும் ஒரு கைப்பிடி கூழாங்கல்லும் வாங்கி வந்து, காயவிடாமல் அந்தத் தண்ணீரோடே கொண்டுவந்து போட்டால் போதும், வாரக்கணக்கு வெகுவாகக் குறைந்துவிடும். காசு செலவே இல்லாத வேலை இது. அந்தத் தொட்டியில் நோயுள்ள மீன் இருக்கக் கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவுக் கணக்கு

முதல் தொட்டிக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்ற அளவை நாம் சொல்வோம். இது இரண்டு கன அடி. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர். மேலே கொஞ்சம் இடம் விட்டு, கல்லும் போட்டபின் 45 லிட்டர் போல நிற்கும். நம் அலுவலகத்துக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் இரண்டேகால் கேன்.

நம் பில்லை அப்படியே தருகிறோம். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை இது மாறும். உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் செய்த தொட்டி 1,400 ரூபாய். காற்று மோட்டார் 350. ஸ்பாஞ்ச் பில்டர் 180. குழாயும், தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் சிறு வால்வும் சேர்த்து 60. ஐந்து கிலோ கூழாங்கல் 150. மூடியோடு எல்.இ.டி. விளக்கு 450. வலையும் தீனியும் 130. ஆக 2,720 ரூபாய். மீனுக்கு ஆனது இதில் சேரவில்லை. அது 160 ரூபாய்தான். கல்யாண வீடு போல ஜோடித்த தொட்டியைக் கடையில் காட்டி ஆறாயிரம், ஏழாயிரம் சொல்வார்கள். அதில் பிளாஸ்டிக் செடி, குமிழி விடும் பொம்மை, படம் ஒட்டிய பின்பக்கம் என்று மீனுக்கு உதவாத சரக்கே அதிகம். நம் சமவெளி ஊர்களின் வெயிலுக்குச் சூடேற்றும் கருவியும் தேவையில்லை. தொட்டியின் அளவிலும் ஸ்பாஞ்ச் பில்டரிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

மின்சாரச் செலவைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 5 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் மாதம் 3.6 யூனிட். 10 வாட் விளக்கு தினம் எட்டு மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். இரண்டும் சேர்ந்து ஆறே யூனிட். ஆனால் கடை பூட்டும்போது வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறவர்கள், மோட்டாருக்குத் தனி இணைப்பு வைத்துக்கொள்ள வேண்டும். இரவு முழுவதும் காற்று நின்றால் மீனும் வாடும், ஸ்பாஞ்சில் உள்ள நுண்ணுயிரும் வாடும்.

கண்ணாடிக் கடையில் தொட்டி செய்தால் குறைந்தது 5 மில்லிமீட்டர் கண்ணாடி கேளுங்கள். சிலிக்கான் பசை காய இரண்டு நாள் விடவேண்டும். பிறகு கடைக்கு வெளியே ஒரு நாள் தண்ணீர் நிரப்பி வைத்துக் கசிவு பாருங்கள். உள்ளே கொண்டுவந்து பேரேடுகளுக்கு மேலே வைத்தபின் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வைக்கும் இடம்

தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும். ஒரு 50 கிலோ சர்க்கரை மூட்டையைவிட அதிகம். பழைய ஸ்டூலோ கம்ப்யூட்டர் மேசையோ தாங்காது. இரும்புச் சட்டம் அல்லது சிமெண்டுத் திண்டு வேண்டும். அதன்மேல் ஒரு தெர்மாகோல் அட்டை விரித்துத் தொட்டியை வைத்தால் மேடுபள்ளம் சமனாகும். தண்ணீர் நிரப்பியபின் நகர்த்தக் கூடாது. நேர் வெயில் படும் இடத்தில் பாசி பச்சைப் பசேலென்று பிடித்துவிடும்.

மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி மோட்டாருக்குள்ளும், அங்கிருந்து பிளக்கு வரையும் போகும். மேலே சொன்ன சிறு வால்வு இதற்குத்தான். ஒயரையும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், ஒயர் வழியே சொட்டும் தண்ணீர் வளைவிலிருந்து தரையில் விழும், பிளக்குக்கு ஏறாது.

மளிகைக் கடைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொசுவர்த்திச் சுருள், மின்சாரத்தில் செருகும் திரவக் கொசுவிரட்டி, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே ஆகியவற்றில் பைரித்ராய்டு என்ற வகை மருந்து இருக்கிறது. மனிதரை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மீனுக்கோ மிகக் கொடிய நஞ்சு. மேலும் நம் மோட்டார் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அறையில் எது புகைந்தாலும் தொட்டிக்குள் போய்ச் சேரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைகூடத் தொட்டிக்கு எட்டவே இருக்கட்டும். கிடங்கில் தானியத்துக்கு மருந்து வைத்து மூடும் நாட்களில், அதை ஒட்டிய அறையில் மனிதரே இருக்கக் கூடாது. மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிடங்கும் அலுவலகமும் ஒரே கூரைக்குள் இருப்பவர்கள் தொட்டியை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரும் மீனும்

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். மீனுக்கும் ஆகாது, நுண்ணுயிருக்கும் ஆகாது. வாயகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் முன்பு போட்டோ ஸ்டூடியோக்களில் பயன்பட்ட ஹைப்போ உப்பு, மீன் கடைகளில் சொட்டு மருந்தாகவே கிடைக்கிறது. வாளி புதிதாக, தொட்டிக்கென்றே இருக்கவேண்டும். பினாயில் வாளி வேண்டாம். மிளகாய், பெருங்காயம், எண்ணெய் தொட்ட கையைத் தண்ணீரில் விடுவதற்குமுன், சோப்பு இல்லாமல் நன்றாகக் கழுவுங்கள்.

கேன் தண்ணீர் சுத்தமானதாயிற்றே, அதையே ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அது பெரும்பாலும் உப்புகளை வடித்தெடுத்த தண்ணீர். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது என்று நாம் சலித்துக்கொள்கிறோம். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற மீன்களுக்கு அந்தக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். மீனுக்கேற்பத் தண்ணீரை மாற்றப் போனால் செலவுக்கு முடிவில்லை. நம் தண்ணீருக்கேற்ற மீனை வாங்கினால் செலவே இல்லை. எந்த ஊரில் எந்தச் சரக்கு ஓடும் என்று பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். கடினமான, வெப்பமான தண்ணீரில் அம்மோனியாவின் வேகம் அதிகம். அதனால் நம் ஊர்களில் மீன் குறைவாகவே இருக்கட்டும்.

நம் தொட்டியில் முதலில் நான்கு கப்பி விட்டோம். இரண்டு வாரம் கழித்து நான்கு. அதன்பின் ஐந்து வரிக்குதிரை மீன்கள். உடலில் நீலக் கோடு ஓடும் இந்தச் சிறு மீன் நம் பாரதத்து ஓடைகளைச் சேர்ந்ததே. சுறுசுறுப்பு அதிகம், துள்ளும், ஆகவே மூடி கட்டாயம். 45 லிட்டருக்கு இது போதும். கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கிறார்களே அந்தப் பொன்மீன், அது ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவாக வளரக்கூடிய, பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய மீன். கழிவும் அதிகம். இரண்டடித் தொட்டிக்கே அது ஆகாது என்றால் கிண்ணம் எம்மாத்திரம்?

வாஸ்து மீன் என்று அரோவானாவை விற்கிறார்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம். அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் வெள்ளி அரோவானா மூன்றடி வரை வளரும். அதை இரண்டடித் தொட்டியில் அடைத்து வைத்துவிட்டு நமக்கு நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம் என்று மட்டும் கேட்டு வைக்கிறோம். தொட்டி துடைக்கும் மீன் என்று கறுப்பாக ஒன்றை இலவசம் போலச் சேர்த்துக் கொடுப்பார்கள். அதுவும் ஓரடிக்கு மேல் வளர்வது. துடைப்பதைவிட அழுக்காக்குவது அதிகம்.

மீன் வாங்கப் போகும்போது சரக்குப் பார்க்கும் கண்ணோடு பாருங்கள். சென்னை கொளத்தூர் வண்ண மீனுக்குப் பெயர் பெற்ற இடம். மதுரைப் பக்கமும் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே வாங்கினாலும், கடைக்கு வந்து இறங்கிய அன்றே வாங்காமல் நான்கைந்து நாள் கழித்து வாங்குங்கள். பயணத்தில் அடிபட்டது அதற்குள் தெரிந்துவிடும். ஒரு தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டிச் சரக்கு வேண்டாம். இது விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படாத வியாபாரம். பையை அப்படியே நம் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நம் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடவேண்டும்.

தீனியும் பராமரிப்பும்

தீனியால் செத்த மீன் அதிகம். பட்டினியால் செத்த மீனை நாம் கண்டதில்லை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்ப்பது எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு வேளைத் தீனி. நாளைக்கு ஒரு வேளை போதும். ஞாயிறு கடை அடைப்பா? தீனி வேண்டாம். தீபாவளிக்கு மூன்று நாள் விடுமுறையா? அப்போதும் வேண்டாம். அந்த மூன்று நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து. காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் பொரி, பிஸ்கட் என்று கையில் கிடைத்ததைப் போடுவார்கள். மூடி இதற்கும் உதவுகிறது. தீனியைச் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். பிரித்த மசாலாப் பொடி போலவே அதுவும் நாளாக ஆக வீரியம் இழந்துவிடும்.

வாரம் ஒரு முறை அரை கேன் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு வைத்திருந்த தண்ணீரை ஊற்றவேண்டும். இருபது நிமிட வேலை. மாதம் ஒரு முறை ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழிந்து அலசவேண்டும். குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவினால் உறை போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். "சுத்தமாக் கழுவிட்டேன் முதலாளி" என்று கடைத் தம்பி பெருமையோடு வந்து நிற்பதற்கு முன்பே இதைச் சொல்லி வைத்துவிடுங்கள். இந்த வேலைக்கு ஒருவரே பொறுப்பு என்று இருப்பதும் அவசியம். நம் மண்டியில் கணக்குப்பிள்ளை எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை மாலை ரொக்கம் சரிபார்த்ததும் அரை கேன் தண்ணீரோடு எழுந்துவிடுவார். நாலு பேர் தீனி போடும் தொட்டி உருப்படாது.

மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஏதோ கோளாறு. உடனே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், தீனியை நிறுத்துங்கள். பலமுறை அதுவே போதும். நீண்ட நேரம் மின்சாரம் இல்லையென்றால் ஒரு டம்ளரில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் காற்றுச் சேரும்.

ஒரு தரகர், பாக்கி விஷயமாகக் கோபத்தோடு வருகிறவர், இப்போது வந்ததும் தொட்டிக்கு எதிரே உள்ள நாற்காலியில்தான் உட்காருகிறார். பாக்கியைக் கேட்காமல் விடுவதில்லை. குரல் மட்டும் இறங்கியிருக்கிறது.

கப்பி குட்டி போடும் மீன். மாதத்துக்கு ஒரு முறை இருபது, முப்பது குட்டிகள் வரும். பெண் மீனைத் தனியாக வாங்கி வந்தாலும் ஏற்கெனவே சினையாக இருக்கும். வேண்டாம் என்பவர்கள் வால் அகன்ற ஆண் மீனாகவே பார்த்து வாங்கலாம். பெருகியதை எக்காரணம் கொண்டும் கண்மாயிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். மேலே சொன்ன தொட்டி துடைக்கும் மீன் அப்படித்தான் நம் மாநிலத்து நீர்நிலைகள் பலவற்றில் புகுந்து, மீனவர் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நம் மண்டியில் இப்போது கப்பிக் குட்டிகள் அதிகம் இருக்கின்றன. தொட்டி தயாரான உறுப்பினர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு பாட்டிலோடு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். தொட்டி இன்னும் தயாராகாதவர்கள் முதலில் ஸ்பாஞ்ச் துண்டுக்கு வரட்டும், மீனுக்கு அடுத்த மாதம் வரலாம்.